பிர்னோவில் ஒரு கண்ணாடி வீடு

வியன்னாவிலிருந்து செக் நாட்டின் பிர்னோவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் துகெந்ட்ஹாட் வீட்டைப் பார்க்க மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்தேன். பிப்ரவரியில், மாலை வெயில் சாயும் நேரத்துச் சுற்றாகத் தேடி எடுத்தேன். ஒரு கல்லுக்காகத்தான் அந்த நேரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தெருவில் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சரிவான நிலம் என்பதால் தெருப்பக்கம் இருப்பது மேல்மாடிதான். வாசலும் படுக்கையறைகளும் அங்கே இருக்கின்றன. ஷூவுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு, சுண்ணக்கல் படிகளில் வளைந்து கீழே இறங்கினோம். கடைசிப் படி தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஏறக்குறைய 2,500 சதுர அடிக்கு ஒரே கூடம். எதிரே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்கு அப்பால் பனி படிந்த தோட்டம், தூரத்தில் ஷ்பில்பெர்க் கோட்டை.

ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1928 முதல் 1930 வரையில் வடிவமைத்துக் கட்டிய வீடு இது. பாரம் முழுவதையும் எஃகுத் தூண்கள் தாங்குகின்றன. சிலுவை வடிவத் தூண்கள், மேலே கண்ணாடி போல மின்னும் குரோமிய உறை. சுவருக்குத் தாங்கும் வேலை இல்லாததால் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் சுவர் வைத்தார். கூடத்திலேயே இரண்டுதான்: உணவு மேசையை அரைவட்டமாக அணைத்து நிற்கும் மக்காசர் கருங்காலிச் சுவர் ஒன்று, மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல் சுவர் இன்னொன்று.

ஜவுளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ், கிரேட்டா துகெந்ட்ஹாட் தம்பதிக்காகக் கட்டியது. நிலம் கிரேட்டாவின் அப்பா கொடுத்தது. சரிவின் அடியிலேயே அவர் வீடு. இப்படி ஒரு வீட்டில் மனிதர் வாழ முடியுமா என்று 1931-ல் ஒரு ஜெர்மன் இதழில் விவாதமே நடந்தது. முடியும், எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கணவனும் மனைவியும் பதில் எழுதினார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தபோது அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. அகலமான அறைதான், ஆனாலும் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது.

அப்புறம் அடித்தளம். என்னைக் கேட்டால், இதைப் பார்க்காமல் திரும்பினால் பாதி வீட்டைப் பார்க்கவில்லை. மேலே இருக்கும் பெரிய கண்ணாடிகளில் இரண்டு, மோட்டார் சுழன்றால் கார் ஜன்னல் மாதிரி அப்படியே தரைக்குள் இறங்கிவிடும்; கூடமும் தோட்டமும் ஒன்றாகிவிடும். அந்தக் கண்ணாடி வந்து நிற்கிற பள்ளத்தையும் இயந்திரத்தையும் கீழே பார்க்கலாம். வெளிக்காற்றை இழுத்து வடிகட்டி, ஈரமாக்கி, சூடாக்கி மேலே அனுப்பும் அறைகள் இருக்கின்றன. ஃபிரிட்ஸ் போட்டோ கழுவும் இருட்டறையும், கம்பளி, தோல் கோட்டுகளைப் பூச்சி அரிக்காமல் வைக்கத் தனி அறையும் உண்டு.

இத்தனையும் செய்து அவர்கள் வாழ்ந்தது எட்டு ஆண்டுகூட முழுதாக இல்லை. யூதக் குடும்பம். 1938-ல் சுவிட்சர்லாந்துக்கும் பிறகு வெனிசுவேலாவுக்கும் போனார்கள். 1939-ல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வீட்டைப் பறித்தது. 1945-ல் சோவியத் படையின் குதிரைகள் இந்தக் கூடத்தில் நின்றன. பிறகு நடனப் பள்ளி. அதற்கும் பிறகு, முதுகெலும்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையம். ஓனிக்ஸ் சுவருக்கு முன்னால் குழந்தைகள் வரிசையாக உடற்பயிற்சி செய்யும் பழைய படங்கள் உண்டு. இந்தக் கூடம் நன்றாகப் பயன்பட்ட காலங்களில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பிரான்டிஷெக் கலிவோடா போன்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1963-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1969-ல் கிரேட்டாவே பிர்னோவுக்கு வந்து, வீடு கட்டிய கதையை ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். 1992-ல் செக்கோஸ்லோவாக்கியாவை இரண்டாகப் பிரிக்கும் பேச்சை இரு தரப்புத் தலைவர்களும் இங்கே உட்கார்ந்துதான் நடத்தினார்கள். 2001-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

2010 முதல் 2012 வரை நடந்த மறுசீரமைப்பில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. கருங்காலிச் சுவர் போர்க்காலத்திலேயே காணாமல் போயிருந்தது. தேடியபோது, பிர்னோ பல்கலைக்கழகத்தின் சட்டப்புலச் சிற்றுண்டிக் கூடத்தில், சுவர்ப் பலகையாக ஒட்டியிருந்தது கிடைத்தது. போர்க்காலத்தில் அந்தக் கட்டடம்தான் கெஸ்டபோவின் தலைமையகம். எத்தனை தலைமுறை மாணவர்கள் தெரியாமலே அதன் பக்கத்தில் சாப்பிட்டிருப்பார்கள்! அந்தப் பலகைகள் இன்று பழைய இடத்தில் இருக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன்: பழுப்பும் கறுப்புமான ரேகைகள், நல்ல பட்டுச்சேலையின் பாவு மாதிரி, மேலிருந்து கீழே நேராக ஓடின.

நான் காத்திருந்த வெயில் நாலு மணிக்கு மேல் வந்தது. பகல் முழுக்கத் தேன் நிறத்தில், வெள்ளை ரேகையோடு இருந்த ஓனிக்ஸ் கல், தாழ்ந்த சூரியன் ஒரு பக்கம் பட்டதும் மறுபக்கம் உள்ளிருந்து சிவக்க ஆரம்பித்தது. விளிம்பில் ஆரம்பித்த சிவப்பு மெல்ல நடுவுக்குப் பரவியது. கல்லுக்குள் கனல் ஊதின மாதிரி. சில நிமிடங்கள்தான். மேகம் மறைத்ததும் மறுபடி தேன் நிறம்.

போகிறவர்கள் குளிர்கால மாலைச் சுற்றையே எடுங்கள். அடித்தளத்தையும் காட்டும் நீண்ட சுற்றுக்குப் பணம் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. முடிந்ததும் தோட்டம் வழியாகக் கீழே இறங்கி, கிரேட்டாவின் பெற்றோர் வீட்டிலிருந்து ஒருமுறை மேலே திரும்பிப் பாருங்கள்.