ஜாடை வரவில்லையா?

ஆயில் பெயின்டிங்கில் முகம் வரையும்போது ஜாடை வரவில்லை என்றால் நிறையப் பேர் உடனே கண்ணைத்தான் திருத்துகிறார்கள். இமை முடி வரை போட்டாகிவிடும், ஆனாலும் ஆள் வரமாட்டார். பெரும்பாலும் கோளாறு கண்ணில் இல்லை. கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரையுள்ள தூரத்தையும் முதலில் சரிபாருங்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் விளிம்பு. கன்னம், தாடை, முடி எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் வெட்டி வைத்தால் முகம் பின்னணியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல நிற்கும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே, நன்றாகத் துடைத்த பிரஷ்ஷால் நிழல் பக்கத்துத் தாடையில் லேசாக ஒரு இழுப்பு. கழுத்து நிழலோடு அது கரைந்து போகட்டும். வெளிச்சம் விழும் மூக்கு நுனி, மேலிமை, இவற்றை மட்டும் கூர்மையாக விட்டுவிடுங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் தேய்த்தால் எலும்பே இல்லாத முகம்தான் மிஞ்சும். அதற்குக் கோடே தேவலை.

டாவின்சிக்கு இப்படி விளிம்பைக் கரைப்பதில் ஒரு வெறியே இருந்திருக்கிறது. மோனாலிசாவின் உதட்டோரத்தில் கோடு எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 2010இல் வெளியான எக்ஸ்ரே ஆய்வின்படி, அவருடைய ஓவியங்களின் நிழல்களில் அடுக்கடுக்காகப் பூசிய பூச்சு மொத்தமே 30-40 மைக்ரோமீட்டர்தான் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மனுஷனுக்கு என்ன பொறுமை!

அக்ரிலிக்கில் வரைகிறவர்கள் பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரஷ்ஷைத் துடைப்பதற்குள் விளிம்பு காய்ந்துவிடும்.