மூன்று பட்டையாக நின்ற புள்ளிகள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. அந்நோயால் இறப்பதோ சுமார் 40 சதவீதம் அதிகம். இதில் எபிஜெனிடிக்ஸுக்கு, அதாவது டிஎன்ஏவின் எழுத்துகளை மாற்றாமல் அதன்மேல் ஒட்டி மரபணுக்களின் வேலையை மாற்றும் வேதிக்குறிகளுக்கு, பங்கு உண்டா என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வில் முதல் வேலை. டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தரவு இணையத்திலேயே கிடக்கிறது, இறக்கிக்கொண்டால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பது மாதம் இழுத்தது.

450கே சிப் ஒவ்வொரு கட்டியிலும் 4,85,000-க்கும் அதிகமான இடங்களை அளக்கிறது. டிஎன்ஏவின் அந்தந்த இடத்தில் மெத்தில் என்ற வேதிக்குறி எவ்வளவு ஒட்டியிருக்கிறது (இதுதான் மெத்திலேஷன்) என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண். இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதும் வேறுபாடுகள் கொட்டின. அன்றிரவே வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் ஒரே வரி: "முதல் பத்து இடங்களையாவது வரைந்து பார்த்தாயா?"

பார்க்கவில்லை. வரைந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. புள்ளிகள் மூன்று பட்டையாக நின்றன: அடியில் கொஞ்சம், நட்டநடுவில் கொஞ்சம், உச்சியில் கொஞ்சம். கட்டியின் மெத்திலேஷன் இப்படி வரிசை கட்டாது, விரவிக் கிடக்கும். சிப்பில் ஏற்றுமுன் டிஎன்ஏவை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் போடுவார்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் மெத்தில் இல்லாத சி (C), இன்னோர் எழுத்தான டி (T) போலப் படிக்கப்படும். பிறவியிலேயே அந்த இடத்தில் டி இருப்பவருக்கும் 'மெத்தில் இல்லை' என்றே பதிவாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் டி வந்தால் அடிப்பட்டை, ஒருவரிடமிருந்து வந்தால் நடு. இந்த மாற்றங்கள் வம்சாவளிக்கு ஏற்பக் கூடும், குறையும். நான் எபிஜெனிடிக்ஸ் என்று கொண்டாடியது வெறும் பரம்பரை எழுத்து.

அந்த இடங்களை நீக்கினேன். அப்புறம் நோயின் வகை. டிரிபிள் நெகடிவ், அதாவது சிகிச்சைக்குக் குறிவைக்கும் மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றுவகை, அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வகை பிரிக்காமல் ஒப்பிட்டால் இரண்டு நோய்களைத்தான் ஒப்பிடுகிறோம். வெட்டியெடுத்த துண்டில் புற்றுச் செல் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தேன். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

சரி, மிஞ்சியது இனத்தால் வந்ததா? தரவில் இனம் என்பது ஒரே ஒரு கட்டம். போன வருடம் நைஜீரியாவிலிருந்து வந்தவருக்கும், எட்டுத் தலைமுறையாக மிசிசிப்பியில் இருக்கும் குடும்பத்தவருக்கும் அதில் ஒரே சொல். புகைப்பழக்கம் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் மரபணுவின் மெத்திலேஷனைக் குறைக்கிறது என்பது தெரிந்ததுதான். வாழ்க்கை இப்படித் தடம் பதிக்கும் என்றால், எந்தத் தெருவில் வாழ்ந்தார், என்ன சம்பாதித்தார் என்பதும் வேண்டுமே! பொதுவில் இருக்கும் கோப்பில் அவை இல்லை.

வசிப்பிட விவரம் உள்ள வேறொரு தரவுக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். படிவம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறையும் ஒரே கேள்விக்காக: 'இந்த ஆய்வில் இனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?' நான்கு வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.