160 கிரெடிட் சேர்ந்துவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடுமா?

வேதிப்பொறியியல் மாணவர்களுக்குப் பாட ஆலோசகராக இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "எனக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?" என்பதுதான். கேள்வியில் தவறேதும் இல்லை. ஆனால், பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகளில் மொத்தக் கிரெடிட் கணக்குதான் மிகவும் எளிதானது. அதை எட்ட முடியாமல் தேங்கி நிற்பவர்களைவிட, எந்த வகையில் எத்தனை கிரெடிட் வேண்டும், எந்தப் பாடத்தை முடித்த பிறகு எந்தப் பாடத்துக்குப் போகலாம் என்பவற்றைக் கவனிக்காமல் ஓராண்டை இழப்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே இந்தப் பதிவில் மொத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவும், வரிசையைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் கிரெடிட் என்பது எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட், ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்புக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர ஆய்வகத்துக்கு ஒரு கிரெடிட் என்ற கணக்கு பரவலாக வழங்குகிறது. பாடத்திட்டத்தில் விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வகம் என்ற இதே வரிசையில் வார மணி நேரங்களை 3-1-0 என்று போட்டிருந்தால் அது நான்கு கிரெடிட். 0-0-3 என்றால் ஒன்றரை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்தது. கூடுதலாக 20 கிரெடிட் முடிப்பவர்களுக்கு ஹானர்ஸ் (சிறப்புப் பட்டம்) அல்லது மைனர் (துணைப்பாடத் தகுதி) பெறும் வாய்ப்பையும் அளித்தது. ஐரோப்பாவில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட் என்பதும், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பதும் கணக்கு. ஜப்பானில் நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 124 கிரெடிட் வேண்டும். அங்கே ஒரு கிரெடிட் என்பது, வகுப்புக்கு வெளியே படிக்கும் நேரத்தையும் சேர்த்து, 45 மணி நேரப் படிப்பு. எனவே ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு, அங்கே படிப்பு சுலபம், இங்கே கடினம் என்று பேசுவதில் பொருளில்லை.

ஆய்வகத்துக்கு இந்தக் கணக்கு நியாயம் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு துண்டுகளால் நிரப்பப்பட்ட குழாயின் (நிரப்பு படுகை) வழியே நீரைச் செலுத்தி, பாய்வு வீதத்தை மாற்றி மாற்றி அழுத்த வீழ்ச்சியைக் குறித்துக்கொள்ளும் ஒரு சோதனை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அளவீடுகளைச் சமன்பாட்டோடு பொருத்தி, பிழை வரம்பைக் கணக்கிட்டு, வரைபடம் போட்டு, அறிக்கை எழுதி முடிக்க அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒரே செமஸ்டரில் இரண்டு ஆய்வகங்களை எடுப்பவர், தாளில் மூன்று கிரெடிட்தான் என்று எண்ணி அதற்கேற்ப மற்றப் பாடங்களைக் கூட்டிக்கொண்டால் திணறுவார்.

சராசரித் தரப்புள்ளியில் ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியும் அதன் கிரெடிட்டால் பெருக்கப்படுவதால், கிரெடிட்டின் எடை அங்கே வேறு விதமாக வேலை செய்யும். ஒரு செமஸ்டரில் நான்கு கிரெடிட் பாடங்கள் இரண்டு, மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டு, ஒன்றரை கிரெடிட் ஆய்வகங்கள் இரண்டு என மொத்தம் 17 கிரெடிட் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் முறையே 6, 7, 8, 8, 10, 10 என்று தரப்புள்ளி பெற்றவருக்கு 130-ஐ 17-ஆல் வகுத்து 7.65 வரும். அந்த 6 புள்ளிப் பாடத்தில் 8 எடுத்திருந்தால் சராசரி 8.12 ஆகியிருக்கும், அதே இரண்டு புள்ளியை ஓர் ஆய்வகத்தில் இழந்திருந்தால் 7.47-க்குத்தான் இறங்கியிருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அடுத்து, வகைவாரிக் கணக்கு. அடிப்படை அறிவியல், பொறியியல் அறிவியல், துறை முதன்மைப் பாடங்கள், துறை எலெக்டிவ் (விருப்பப் பாடம்), பிற துறை எலெக்டிவ், மானுடவியல், திட்டப்பணி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறைந்தபட்சம் உண்டு. ஒன்றில் மிஞ்சுவது இன்னொன்றின் குறையை நிரப்பாது. பிடித்த பாடங்களாகத் தேர்ந்தெடுத்து 163 கிரெடிட் சேர்த்துவிட்டு, மானுடவியலில் ஒரு பாடம் குறைவதால் பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் வராமல் போவது இப்படித்தான். இந்தப் பகுப்பு அலுவலகம் வைத்த முட்டுக்கட்டை அன்று. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏபெட் அமைப்பு, கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட், பொறியியல் பாடங்கள் குறைந்தது 45 கிரெடிட் இருக்க வேண்டும் என்கிறது. வேதிப்பொறியியலுக்கென்று தனியாக, செயல்முறைகளில் உள்ள அபாயங்களையும் கற்பிக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆலைப் பாதுகாப்புப் பாடத்தை ஒப்புக்கு ஒரு பாடமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி வரிசைக்கு வருகிறேன். இறுதியாண்டில் ஆலை வடிவமைப்புத் திட்டம் ஒன்று பெரும்பாலான பாடத்திட்டங்களில் கட்டாயம். அதில் திரவக் கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் ஒரே ஒரு வடிகலத்தை வடிவமைக்க என்னென்ன தேவை என்று பாருங்கள். ஆவியும் திரவமும் சந்திக்க அதனுள் எத்தனை தட்டுகள் வேண்டும் என்று சொல்ல ஆவி-திரவச் சமநிலைத் தரவு வேண்டும். அது வெப்ப இயக்கவியல். அந்தத் தரவைத் தட்டுகளின் எண்ணிக்கையாக மாற்றுவது நிறைப் பரிமாற்றம். அடியில் உள்ள கொதிகலனுக்கும் உச்சியில் உள்ள குளிர்விப்பானுக்கும் எவ்வளவு பரப்பு என்பது வெப்பப் பரிமாற்றம். ஆவியின் வேகம் கூடித் திரவம் கீழே இறங்க முடியாமல் கலம் நிரம்பிவிடாதிருக்க விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பாய்ம இயக்கவியல். வடிகலத்துக்குள் நுழையும் கலவையின் இயைபு எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு முன்னே இருக்கும், வேதிவினை நடக்கும் உலையிலிருந்து. அது வேதிவினைப் பொறியியல். இவை எல்லாவற்றுக்கும் அடியில், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்குப் பார்க்கும் பொருள் சமநிலையும் ஆற்றல் சமநிலையும் இருக்கின்றன. முன்தேவைப் பாடங்கள் என்று பாடத்திட்டத்தில் சின்ன எழுத்தில் அச்சிடப்படுவது இந்தச் சார்பைத்தான்.

அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? பொருள் சமநிலை மூன்றாம் செமஸ்டரிலும், வெப்ப இயக்கவியல் நான்கிலும், வேதிவினைப் பொறியியல் ஐந்திலும், வடிவமைப்புத் திட்டம் ஏழிலும் இருக்கிறது என்றும், ஒவ்வொரு பாடமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பொருள் சமநிலையில் அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பு ஐந்தாம் செமஸ்டர். வெப்ப இயக்கவியல் ஆறுக்குத் தள்ளிப்போகும், வேதிவினைப் பொறியியல் ஏழுக்கு, வடிவமைப்புத் திட்டம் ஒன்பதுக்கு. நான்கே கிரெடிட் உள்ள ஒரு பாடம் ஒரு முழு ஆண்டை விழுங்கிவிடுகிறது. அதே நான்கு கிரெடிட், எதற்கும் முன்தேவையாக இல்லாத ஓர் எலெக்டிவில் போயிருந்தால், கடைசி ஆண்டில் ஓய்வாக எழுதி முடித்திருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் இரண்டு அரியரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வகுப்புக்கு மீண்டும் வராமல் தேர்வை மட்டும் மறுபடி எழுத அனுமதிக்கும் கல்லூரிகளில் இந்த இழப்பு குறையும். முன்தேவை என்பதற்கு, அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று பொருளா, வகுப்பில் உட்கார்ந்து வருகைப்பதிவு பெற்றிருந்தால் போதுமா என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். இந்த ஒரு விதியை மட்டுமாவது முதலாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் தம் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தில் தேடிப் படித்துவிட வேண்டும். சீனியர் சொல்லக் கேட்டு நடப்பது இந்த விஷயத்தில் ஆபத்து. நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷன் (விதிமுறைத் தொகுப்பு)தான் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும், சீனியருடையது வேறாக இருக்கலாம்.

ஆகவே பாடத் தேர்வை வடிவமைப்புத் திட்டத்திலிருந்து பின்னோக்கிப் போடுமாறு சொல்வேன். ஒரு தாளில் இறுதித் திட்டத்தை எழுதி, அதற்கு முன் முடிந்திருக்க வேண்டியவற்றை அம்புக்குறியிட்டு இறக்கிக்கொண்டே வந்தால், எந்தப் பாடங்களில் சறுக்கக் கூடாது என்பது கண்ணுக்கே தெரியும். சங்கிலியில் சேராத மானுடவியல், பிற துறை எலெக்டிவ் முதலியவற்றை அந்த வரைபடத்தின் காலி இடங்களில், ஆய்வகச் சுமை குறைவாக உள்ள செமஸ்டர்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக, கணக்கில் வராமலே பட்டத்தை நிறுத்திவைக்கும் சில உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் போன்ற பூஜ்ய கிரெடிட் பாடங்கள் சராசரியில் சேராது. ஆனால் தேர்ச்சி பெறாவிட்டால் பட்டமும் இல்லை. தொழிற்சாலைப் பயிற்சிக்கான சான்றிதழும் இந்த வகையே. வேறு பல்கலைக்கழகத்திலோ இணையவழியிலோ ஒரு பாடத்தைப் படிக்க விரும்புபவர்கள், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக, எந்த வகையில், எத்தனை கிரெடிட்டாக ஏற்கப்படும் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். படித்து முடித்த பிறகு அந்தப் பாடம் பிற துறை எலெக்டிவாக மட்டுமே ஏற்கப்பட்டு, அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியும் இருந்தால், மதிப்பெண் பட்டியலில் அது ஏறும்; பட்டத்துக்கான கணக்கில் ஏறாது.