ஒரு கை வித்தியாசம்

போன டிசம்பர் முதல் கிழமை, வயலுக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது நியூ ஜேர்சியில் இருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் எடுத்தான். டித்வா புயல் போய் அப்போது ஒரு கிழமை. விதைத்து ஒரு மாதமான நெல், மேட்டு வரம்போரத் துண்டைத் தவிர மற்றதெல்லாம் சேறு மூடிக் கிடந்தது. அவன் முதலில் வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்டான், இல்லையென்று சொல்லக்கூடாது. பிறகு மெல்லத் தன் கவலைக்கு வந்தான். வீட்டுக் கூரைக்குச் சோலர் போட முற்பணம் கட்டிவிட்டானாம், டிசம்பர் 31க்குள் பூட்டி முடிக்காவிட்டால் அரசாங்கம் வரியில் கழித்துக் கொடுக்கிற 30 வீதம் போய்விடுமாம், கொம்பனிக்காரன் நாள் தருகிறான் இல்லையாம்.

"2032 மட்டும் இருக்கும் எண்டுதானே முந்திச் சொன்னனி?"

"அது பழைய சட்டம் மச்சான். ஜூலையில வெட்டிப்போட்டாங்கள்."

காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்ததால் அதோடு வைத்துவிட்டேன். ஆனால் பத்து வருசத்துக்கு என்று போட்ட சட்டத்தை மூன்று வருசத்தில் எப்படி வெட்டுவது என்ற கேள்வி போகவில்லை. கரண்ட் ஒழுங்காக வந்த பிறகு இரண்டு மூன்று இரவு இருந்து வாசித்தேன்.

அமெரிக்க செனட்டில் 100 பேர். ஒரு சட்டத்துக்கு 51 பேர் சரியென்றால் போதும் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். அந்த 60 சேராவிட்டால் சட்டம் தோற்கவும் மாட்டாது, வெல்லவும் மாட்டாது, அப்படியே கிடக்கும். பிலிபஸ்டர் என்கிறார்கள். பெயரைப் பார்த்தால் பூச்சிமருந்து மாதிரி இருக்கிறது.

அங்குள்ள இரண்டு பெரிய கட்சியும், குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும், என்றைக்கும் கீரியும் பாம்புமாக இருந்தவர்களும் இல்லை. அமில மழையைத் தடுக்க 1990இல் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது செனட்டில் 89 பேர் ஆதரித்திருக்கிறார்கள். கையெழுத்து வைத்தவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி, மூத்த புஷ். அனல்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு கந்தகப் புகைதான் விடலாம் என்று எல்லை வைத்து, குறைவாக விடுகிறவன் தன் மிச்சப் பங்கை மற்றவனுக்கு விற்கலாம் என்று விட்டார்கள். புகையும் குறைந்தது. அதே முறையைக் காபனீரொட்சைட்டுக்கும் கொண்டுவர குடியரசுக் கட்சி மக்கெய்னும் மற்றப் பக்கத்து லீபர்மனும் 2003இல் சேர்ந்து முயன்றார்கள். 43க்கு 55 என்று தோற்றது. 2009இல் கீழ்ச்சபையில் 219க்கு 212 என்று அதே வகையில் ஒரு பெரிய சட்டம் தப்பிப் பிழைத்து செனட்டுக்குப் போனது. அந்த நேரம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சில மாதங்கள் சரியாக 60 பேரே இருந்திருக்கிறார்கள், அப்படியிருந்தும் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. ஏனென்றால் நிலக்கரி மாநிலத்து ஆட்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் நிலக்கரிக்காரர்தான். மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மன்சின், ஜனநாயகக் கட்சிக்காரர், 2010 தேர்தல் விளம்பரத்தில் அந்தச் சட்டமூலத்தை ஓரிடத்தில் குத்திவைத்துத் துவக்கால் சுட்டுக் காட்டினார். நான் அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்தேன். 2015இல் இன்னொருவர், இன்ஹோஃப், குடியரசுக் கட்சி, செனட்டுக்குள் ஒரு பனிக்கட்டி உருண்டையைக் கொண்டுவந்து, வெளியில் இவ்வளவு குளிர், பூமி சூடாகிறதாம் என்று எறிந்து காட்டியிருக்கிறார். சபையின் சுற்றாடல் குழுவுக்கு அவர்தான் அப்போது தலைவர்.

கடைசியில் 2022இல் ஜனநாயகக் கட்சிக்காரர் பின்படலையால் போனார்கள். வரி, செலவு சம்பந்தமான சட்டமென்றால் 60 தேவையில்லை, வெறும் பெரும்பான்மை போதும் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதனால்தான் புகைக்கு மொத்த எல்லை என்று ஒன்றும் வைக்காமல், சோலருக்கும் காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வரிச்சலுகை என்று பெரும்பாலும் காசாகவே எழுதினார்கள். மச்சானின் 30 வீதமும் அதற்குள்தான். 50க்கு 50 வந்தது, துணை ஜனாதிபதி கமலா ஹரிஸ் போட்ட வாக்கால் 51க்கு 50. மற்றக் கட்சியில் இருந்து ஒரு கைகூட இல்லை. எங்கள் பேப்பர்கள் அவரின் துளசேந்திரபுரத்து வேரைப் பற்றி எழுதித் தள்ளின, அவர் எதற்கு வாக்குப் போட்டார் என்று எழுதியதை நான் காணவில்லை.

காசு போனால் ஆட்கள் மாறுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. முதலீட்டில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்குத்தான் போனது. 2024இல் அந்தக் கட்சியின் 18 உறுப்பினர்கள், எல்லாவற்றையும் வெட்டிவிடாதேங்கோ என்று தங்கள் சபாநாயகருக்குக் கடிதமே எழுதினார்கள். 2025 ஜூலையில் வெட்டுகிற சட்டம் வந்தபோது அவர்களில் பலர் அதற்குத்தான் கை தூக்கினார்கள். செனட்டில் அதுவும் 51க்கு 50, அதுவும் துணை ஜனாதிபதியின் வாக்கு, இந்த முறை வான்ஸ். அதே பின்படலை.

எங்கள் குளத்திலும் இது நடந்தது. சிறிய குளம், ஒட்டுசுட்டான் பக்கம். சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் போகத்துக்கு, தண்ணீர் காணாத வருசங்களில் குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைத்து, அந்த ஒரு போகத்துக்கு அதை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். கிட்ட வயல் வைத்திருப்பவனுக்கு அது வயிற்றெரிச்சல்தான். ஒரு வருசம் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இழுபட்டு, நேரம் போகிறது என்று கை தூக்கச் சொல்லிவிட்டார்கள். நாலு கை வித்தியாசத்தில் பங்கு இல்லை என்று முடிந்தது. நானும் அந்த நாலுக்குள் ஒருவன், அப்போது எனக்குக் கிட்ட வயல் இருந்தது. மூன்றாம் கிழமை ஒரு இரவு குளத்து மதகான துருசின் பூட்டை ஆரோ உடைத்துவிட்டார்கள். விடிய நாங்கள் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் கீழ் வாய்க்காலால் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது, வாய்க்கால் ஓரத்தில் ஒரு ஒற்றைச் செருப்பு. ஆருடையது என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருசம் அமைப்பின் தலைவர் கை தூக்க விடவே இல்லை. காலமை பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம், மூன்று தரம் பிளேன்ரீ ஊற்றி, பின்னேரம் நாலரைக்குத்தான் முடிந்தது.

இதைச் சொல்லும்போது நாங்கள் ஏதோ திறமென்று நினைக்கவேண்டாம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்று வருசக்கணக்காக இழுபட்டு, கடைசியில் தாளையடியில் கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆலை வந்ததுதான் மிச்சம். எல்லாரும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதவன் ராசா. அந்த 60 கணக்கும், நாலரை மணி மட்டும் இருத்தி வைக்கிற எங்கள் தலைவரும் ஒரே யோசனைதான் என்று கொஞ்ச நேரம் எனக்கே பட்டது. ஆனால் எங்கள் கூட்டத்தில் முடிவு வராவிட்டால் துருசு திறபடாது, இருக்கிற அத்தனை பேருக்கும் போகம் போய்விடும், மறிக்கிறவனுக்கும் சேர்த்து. அது எல்லாருக்கும் தெரிந்ததால்தான் மூன்றாவது பிளேன்ரீயோடு குரல் இறங்கியது. வாஷிங்டனில் மறிக்கிறவருக்கு என்ன போகும்? ஒன்றும் போகாது, அடுத்த தேர்தலில் அதையே சொல்லி வாக்குக் கேட்கலாம். சுடுகிற விளம்பரம் எடுத்தவர் அந்த வருசம் வென்றார்.

225 பேர் இருக்கிற பாராளுமன்றத்துக்கு 6 பேரை அனுப்புகிற வன்னியில் இருந்துகொண்டு அமெரிக்க செனட்டுக்குப் புத்தி சொல்கிறேன் என்று மனிசி சிரிக்கிறாள், சரி.

மச்சானுக்கு ஜனவரி 9 என்று நாள் கிடைத்தது. கணக்குப் பார்த்தால் ஏழாயிரம் டொலருக்குக் கிட்டப் போச்சாம். கூரையில் பலகை பூட்டுகிற படம் அனுப்பியிருந்தான், பக்கத்தில் வழித்துத் தள்ளிய பனி. நான் திரும்பச் சேறு மூடின துண்டின் படத்தை அனுப்பினேன். "விதைநெல் தருவாங்களோ?" என்று கேட்டான். பதிந்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.