வேர்க் பேர்மிட் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இப்போது நான்கு பெடியன்கள் கூடி நின்றால் கனடாக் கதைதான். எந்த ஏஜென்ட் நம்பிக்கையானவர், எவ்வளவு கேட்கிறார், காசை முதலே கொடுப்பதா, விசா குத்தின பிறகா என்று எல்லாம் கதைப்பார்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. என் தம்பி ட்ராக்டர் மெக்கானிக். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பண்ணை இயந்திரங்கள் திருத்தும் ஒரு கராஜ் அவனை வேலைக்கு எடுக்க முன்வந்தது. விண்ணப்பத்தை நானும் அவனும் வீட்டில் இருந்தே நிரப்பினோம். அதில் கண்டதை எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே சனம் வயல்காணி உறுதியை ஈடு வைத்து, தான் ஒருமுறையும் வாசிக்காத ஒரு படிவத்துக்குக் காசு கட்டுகிறது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். விசிட் விசாவில் போய் இறங்கி, அங்கே நின்றுகொண்டே வேர்க் பேர்மிட்டுக்கு, அதாவது அங்கே வேலை செய்கிற அனுமதிக்கு, போடலாம் என்று ஒரு வழி இருந்தது உண்மை. கொரோனாக் காலத்தில் வந்த தற்காலிக ஏற்பாடு அது. 2024 ஆகஸ்ட் 28 உடன் கனடா அதை நிறுத்திவிட்டது. இன்றைக்கும் "போனால் பிறகு மாத்தலாம்" என்று சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள். சாதாரணமாக வேலைக்குப் போகிற ஒருவர் இங்கிருந்தேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், அநேகமான வேலைகளுக்கு, அங்குள்ள முதலாளி எல்.எம்.ஐ.ஏ என்ற அனுமதியை எடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர் அரசாங்கத்துக்குக் காட்டுகிற நடைமுறை அது. அதற்கான 1000 டொலரை முதலாளிதான் கட்டவேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் அதை வாங்குவது சட்டப்படி குற்றம். இங்கே எல்.எம்.ஐ.ஏயை இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள், சனமும் அதுதான் முறை என்று நம்பிக் கட்டுகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆத்திரம். இன்னொன்று, 2024 செப்டெம்பர் கடைசியில் இருந்து, வேலையில்லாதோர் 6 வீதமோ அதற்கு மேலோ உள்ள பெரிய நகரங்களில் குறைந்த சம்பள வேலைகளுக்கான எல்.எம்.ஐ.ஏயை எடுத்துப் பார்ப்பதே இல்லை. விவசாயம், கட்டட வேலை, பராமரிப்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விதி வந்தபோது ரொறன்ரோவும் அதற்குள் வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் சாப்பாட்டுக் கடையில் வேலை, எல்.எம்.ஐ.ஏ ரெடி என்று யாராவது சொன்னால், காசைக் கையில் எடுக்கும் முன் இதைக் கேளுங்கள். எல்.எம்.ஐ.ஏ கிடைத்த கடிதத்துக்கும் இப்போது ஆறு மாதம்தான் ஆயுள், அதற்குள் வேர்க் பேர்மிட் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும்.

அந்த ஆறு மாதம்தான் வன்னியில் இருக்கிறவர்களை இறுக்குகிறது. 2009 இல் எங்கள் சனம் உடுத்த உடுப்போடு வந்தது, பிறப்புப் பத்திரம் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பதுங்குகுழியோடு போய்விட்டது. பிறகு எடுத்த பிரதிகளில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாஸ்போட்டில் ஆங்கில எழுத்து வேறு. வேலைக் கடிதம் வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால் நேரம் போதாது. பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரப் பிரதி, பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி, வவுனியா அலுவலகத்தில் பாஸ்போட், இவற்றை வேலை கிடைக்கும் முன்னமே செய்து வையுங்கள். அதில் நட்டமொன்றும் இல்லை, வேறு எதற்கும் உதவும்.

அனுபவக் கடிதம்தான் எங்களை மெனக்கெடுத்தியது. தம்பி வேலை செய்த கராஜ் முதலாளி அருமையான மனிசன். கடிதம் கேட்டவுடன் "இவர் என்னிடம் வேலை செய்தவர், நல்ல பிள்ளை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். விசா அதிகாரிக்கு அது போதாது. நாங்கள் போய் அவரோடு இருந்து, எந்த வருசத்தில் இருந்து, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு, என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். அப்போதுதான் மனிசன் வாய் திறந்தார். ஹைட்ரோலிக் பம்ப் கழற்றிப் பூட்டினது, கிளட்ச் தட்டு மாற்றினது, பெரும்போக வெட்டு நேரம் அறுவடை மெஷினை வயலுக்குள் வைத்தே திருத்தினது, எல்லாம் வந்தது. ஒரு வசனமாக இருந்த கடிதம் ஒரு பக்கம் ஆனது. எங்கள் பெடியன்களிடம் தொழில் இருக்கிறது, கடதாசியில்தான் இல்லை.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். ஐ.எம்.எம். 1295 என்ற அந்தப் படிவத்தில் பின்னணிக் கேள்விகள் வருகின்றன. இராணுவத்திலோ ஆயுதக் குழுவிலோ இருந்தீர்களா, வன்முறையில் ஈடுபட்ட அமைப்போடு தொடர்பு இருந்ததா, எப்போதாவது கைதானீர்களா, முன்பு விசா மறுக்கப்பட்டதா. ஏஜென்ட்மார் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடித்துவிட்டு அனுப்புகிறார்கள், விண்ணப்பித்தவர் அந்தக் கேள்வியைக் கண்ணாலும் காண்பதில்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர்களும் வாழ்கிற மண் இது. கனடா 2006 இல் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது, ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்குச் சும்மா கேட்கிற கேள்வி அல்ல. பொய் என்று கண்டால் ஐந்து வருசம் விண்ணப்பிக்கவே முடியாது, கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். அப்படி ஒரு கதை உங்களுக்கு இருந்தால் மறைக்காமல், கனடாவில் அனுமதி பெற்ற ஒரு சட்டத்தரணியிடம் முதலே கதையுங்கள். கட்டாயத்தில் இயக்கத்துக்குப் போனது என்பதை எப்படி எடுத்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். காசு செலவழிக்கிறதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

விண்ணப்பத்துக்கு 155 கனடா டொலர், கைரேகைக்கும் படத்துக்கும் 85. கைரேகை வைக்க நேரில் போகவேண்டும், கடிதம் வந்து முப்பது நாளுக்குள். மருத்துவச் சோதனையும் அவர்கள் அங்கீகரித்த வைத்தியரிடம்தான். எல்லாம் சரிவந்து பாஸ்போட்டில் விசா ஒட்டித் தந்தாலும் அது வேர்க் பேர்மிட் இல்லை. கூடவே ஒரு அறிமுகக் கடிதம் வரும், அதைக் கனடா விமான நிலையத்தில் காட்டினால்தான் அங்கே பேர்மிட்டை அடித்துத் தருவார்கள். அந்த அதிகாரி முதலாளியின் பெயர், சம்பளம், என்ன வேலை என்று கேட்கலாம். படிவத்தை வேறு ஆள் நிரப்பியிருந்தால் அங்கேதான் முழிக்கவேண்டி வரும். புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதியுங்கள்.

தம்பி கைரேகை வைத்துவிட்டான், முடிவு வரவில்லை. கராஜ் வேலையை விடவில்லை, காணியும் ஈட்டில் இல்லை. எங்கள் ஊரில் யாருக்காவது இந்தப் படிவத்தைத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டுமென்றால் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், பிறப்புப் பத்திரமும் பாஸ்போட்டும் எடுத்துக்கொண்டு. காசு வேண்டாம்.