எஸ்சிஓ, சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் தேர்வு: என்னைக் கரையேற்றிய ஜோடி நோட்டு

எஸ்சிஓ (கூகுள் போன்ற தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை), சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். அடுத்த பேட்ச்சில் எழுதப் போகிறவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பாடத்திட்டமும் கேள்வி அமைப்பும் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

நான் எழுதி எழுதிப் படிக்கிற ஆள். வீடியோ ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மனசு வேறெங்கோ போய்விடும். ஆகவே கீழே இருப்பது பேனா பிடிக்கிறவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். வீடியோ பார்த்தே மண்டையில் ஏறும் என்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்கள் வழியிலேயே போங்கள்.

இந்தத் தேர்வில் புரியாத பாடம் என்று ஒன்றும் கிடையாது. ஒன்றுபோலவே இருக்கும் இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவன் என்று கேட்பதுதான் மொத்தத் தேர்வும். ரீச்சா (எத்தனை பேர் பார்த்தார்கள்) இம்ப்ரெஷனா (எத்தனை முறை காட்டப்பட்டது)? கிரால் ஆனதா (தேடுபொறி பக்கத்தை வந்து படித்ததா) இன்டெக்ஸ் ஆனதா (தன் தேடல் பட்டியலில் சேர்த்ததா)? பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் குறியீடு 301ஆ 302ஆ? நான்கு விடைகளில் இரண்டைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம், மதிப்பெண் இருப்பது மிச்சம் இரண்டில். அதற்காகத் தனியாக ஒரு நோட்டு போட்டேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் ஜோடி. வரையறையைப் பத்தி பத்தியாக எழுதவே இல்லை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை மட்டும் ஓரிரு வரியில்.

இந்த ஒரு நோட்டு இல்லையென்றால் எஸ்சிஓ பகுதியில் பாதி போயிருக்கும். ஒரு உதாரணம். "நன்றி" பக்கம் தேடலில் வரக்கூடாது என்று ஒரு தள உரிமையாளர் நினைக்கிறார். ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுக்கிறார், கூடுதல் பாதுகாப்புக்கு அதே பக்கத்தில் நோஇன்டெக்ஸ் டேகும் போடுகிறார். சில வாரம் கழித்துப் பார்த்தால் விவரம் ஏதுமில்லாமல் முகவரி மட்டும் தேடலில் நிற்கிறது. ஏன்?

இரண்டையும் போட்டதுதான் காரணம். ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் தடுப்பது கிராலிங்கை. நோஇன்டெக்ஸ் தடுப்பது இன்டெக்ஸிங்கை. உள்ளே வராதே என்று, பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் கூகுள்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டால் பக்கத்துக்குள் இருக்கும் நோஇன்டெக்ஸை அது எப்படிப் படிக்கும்? வேறெங்காவது அந்தப் பக்கத்துக்கு லிங்க் இருந்தால் முகவரியை மட்டும் வைத்து இன்டெக்ஸ் செய்துவிடும். சரியான விடை, ரோபோட்ஸ் தடையை எடுத்துவிட்டு நோஇன்டெக்ஸை மட்டும் வைத்திருப்பது. "இரண்டையும் சேர்த்துப் போடுவது" என்ற விடை பார்க்க எவ்வளவு பத்திரமாகத் தெரிகிறது பாருங்கள். அதில்தான் விழுவார்கள்.

நோட்டில் இருந்த மற்ற ஜோடிகள் சில:

- கெனானிக்கல் / ரீடைரக்ட்: முதலாவது தேடுபொறிக்குத் தரும் குறிப்பு, பார்வையாளர் அதே பக்கத்தில்தான் இருப்பார். இரண்டாவது ஆளையே வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடும்.
- 301 / 302: நிரந்தரம், தற்காலிகம்.
- குவாலிட்டி ஸ்கோர் / ஆட் ரேங்க்: முதலாவது கூகுள் விளம்பரத்தில் தரத்தை 1 முதல் 10 வரை நமக்குக் காட்டும் நோயறி கருவி மட்டுமே, அது விளம்பர இடத்துக்கான ஏலத்துக்குள் போவதில்லை. விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்பதை முடிவு செய்யும் ஆட் ரேங்க் ஒவ்வொரு ஏலத்திலும் புதிதாகக் கணக்கிடப்படும்.
- விளம்பரம் / இயல்பான ரேங்க்: விளம்பரத்துக்குச் செலவழித்தால் கீழே இருக்கும் இயல்பான முடிவுகளில் ஒரு படிகூட ஏறாது. வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இனி கொஞ்சம் வயிற்றெரிச்சல். நான் சேர்ந்த பயிற்சி நிலையம் கொடுத்த நோட்ஸ் பழையது. கொஞ்சநஞ்சமில்லை, அட்டையை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதில் பவுன்ஸ் ரேட் என்றால் ஒரே பக்கம் பார்த்துவிட்டு வெளியேறியவர்களின் விகிதம் என்று இருக்கிறது. தளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கூகுளின் பழைய மென்பொருளான யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் காலத்துக்கு அது சரி. அதன் இடத்துக்கு வந்த ஜிஏ4 வேறு கதை: ஒரு செஷன் (ஒருவரின் ஒரு வருகை) 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, ஒரு கீ ஈவென்ட் (முக்கியம் என்று நாம் குறித்து வைத்த செயல்) நடந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்திருந்தாலோ அது என்கேஜ்ட் செஷன். அப்படி ஆகாதவைதான் பவுன்ஸ். எனவே ஒருவர் ஒரே கட்டுரையை 40 நொடி படித்துவிட்டுப் போனால் பழைய கணக்கில் பவுன்ஸ், புதிய கணக்கில் இல்லை. தேர்வில் கிட்டத்தட்ட இதே கேள்வி வந்தது. நோட்ஸை நம்பி எழுதிய நண்பர்கள் சிலருக்கு மதிப்பெண் போனது, கேட்டால் "பழக்கத்தில் இருப்பதை எழுதினோம்" என்று பதில். கட்டணம் மட்டும் பழைய கணக்கில் வாங்கவில்லை.

கையில் இருக்கும் நோட்ஸ் எவ்வளவு பழசு என்று பார்க்க:

- கூகுள் விளம்பரத்தில் தேடல் சொல்லைக் கீவேர்டோடு பொருத்தும் வகைகளில் பிராட் மேட்ச் மாடிஃபையரைத் தனி வகையாகச் சொன்னால் 2021க்கு முந்தையது. இப்போது பிராட், ஃபிரேஸ், எக்ஸாக்ட் மூன்றுதான்.
- பழைய தேடல் விளம்பர வடிவமான எக்ஸ்பாண்டட் டெக்ஸ்ட் ஆட் புதிதாக உருவாக்கச் சொன்னால் 2022 ஜூன் 30க்கு முந்தையது. ரெஸ்பான்சிவ் சர்ச் ஆட்டைப் படியுங்கள்: 15 தலைப்பு வரை, 4 விவரணை வரை.
- உள்ளடக்கத்தின் தரத்தைப் பார்க்கும் கூகுள் அளவுகோலில் ஈ-ஏ-டி (நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை) என்று ஒரே ஒரு ஈ இருந்தால் 2022 டிசம்பருக்கு முந்தையது. அனுபவம் என்ற இன்னொரு ஈ அப்போதுதான் சேர்ந்தது.
- யூனிவர்சல் அனலிட்டிக்ஸை நடப்பு மென்பொருளாகச் சொன்னால் தூக்கிப் போடுங்கள், 2023 ஜூலை 1 அன்று அது தரவு சேகரிப்பதை நிறுத்தியது.
- பக்கம் எவ்வளவு வேகமாக, நிலையாக இருக்கிறது என்று அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸில் எஃப்ஐடி (முதல் க்ளிக்குக்கான தாமதம்) இருந்தால் 2024 மார்ச் 12க்கு முந்தையது. அந்த இடத்தில் இப்போது ஐஎன்பி (க்ளிக்குகளுக்குப் பக்கம் பதில் காட்டும் வேகம்), 200 மில்லிநொடிக்குள். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரியும் நேரம்) 2.5 நொடி, சிஎல்எஸ் (பக்கம் குலுங்கும் அளவு) 0.1 இரண்டும் மாறவில்லை.
- பக்கத்தின் குறியீட்டில் கீவேர்டுகளைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் டேக் ரேங்குக்கு உதவும் என்று இருந்தால் என்ன சொல்வது, 2009லேயே கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்துவிட்டது.

சோஷியல் மீடியா பகுதிக்கு வருவோம். இதில் எல்லாரும் தினமும் புழங்குவதால் படிக்காமலே போய்விடலாம் என்ற தைரியம் வரும். கேஸ் கேள்விகளில் அது உதவாது. கதை பெரிதாக இருக்கும், எத்தனை ஃபாலோயர், எத்தனை லைக், எந்த நேரத்தில் போஸ்ட் என்று. அந்த நிறுவனத்துக்கு என்ன வேண்டும் என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கும். நான் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் மேலே போனேன். பெயர் தெரிய வேண்டும் என்றால் ரீச்சைப் பார். வாங்க நினைப்பவர்கள் விசாரித்து வர வேண்டும் என்றால் லீட்ஸ் குறிக்கோள். விற்க வேண்டும் என்றால் லைக் எண்ணிக்கை இருக்கும் விடையைத் தொடாதே.

ஒரு கேஸ் கேள்வி நன்றாக இருந்தது. மெட்டா விளம்பர மேலாளரில் 120 விற்பனை, அதே காலத்தில் அனலிட்டிக்ஸில் அந்த விளம்பரத்தின் பேரில் 80. எது பொய்? எதுவும் பொய்யில்லை. மெட்டாவின் வழக்கமான கணக்கு, க்ளிக் செய்து 7 நாளுக்குள் அல்லது பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால் அது விளம்பரத்தின் பேரில். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு க்ளிக் செய்யாமல், மறுநாளுக்குள் கூகுளில் தேடி வந்து வாங்கியவரை மெட்டா தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அனலிட்டிக்ஸ் அவரைத் தேடலின் பேரில் எழுதும். இதுவும் ஜோடிதான், என் நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

கூகுளின் ஆன்லைன் சான்றிதழ்த் தளமான ஸ்கில்ஷாப்பின் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 75 நிமிடம், தேர்ச்சிக்கு 80 சதவீதம், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. தவறினால் ஒரு நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்னாடியே எழுதி வைத்து, வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதி ஆக விடாதீர்கள்.

அப்புறம் கணக்கு. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒரே எண் தொகுப்பை வைத்து எல்லாவற்றையும் போட்டுப் பழகுங்கள். நான் வைத்திருந்தது: செலவு 6,000, இம்ப்ரெஷன் 4,00,000, க்ளிக் 8,000, விற்பனை 160, வருமானம் 24,000. சிபிஎம் (ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான செலவு) 15, சிடிஆர் (இம்ப்ரெஷனில் க்ளிக் ஆன விகிதம்) 2 சதவீதம், ஒரு க்ளிக்குக்கு 0.75, ஒரு விற்பனைக்கு 37.50, ரோஆஸ் (வருமானம் விளம்பரச் செலவைப் போல் எத்தனை மடங்கு) 4. இதோடு நிறுத்திவிடுவார்கள் பலர். பொருளின் அடக்க விலை 12,000 என்று ஒரு வரி சேர்த்துவிட்டு ஆர்ஓஐ (மொத்தச் செலவுக்கு எவ்வளவு லாபம்) கேட்டால்? மொத்தச் செலவு 18,000, மிச்சம் 6,000, அதாவது 33 சதவீதம் சொச்சம். ரோஆஸ் 4 என்று பார்த்த கையோடு 400 சதவீதத்தை டிக் செய்ய ஒரு விடை காத்துக்கொண்டிருக்கும்.

கால்குலேட்டர் அனுமதி உண்டா என்று ஹால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இல்லை. வாசலில்தான் சொன்னார்கள்.