தம்பிக்கு ஏழு வருடம் கேட்டார்கள், மூன்று கிடைத்தது: தண்டனை விசாரணையில் பட்ட பாடு

தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று வருடம் கடுங்காவல், புழல் சிறையில் இதுவரை இருந்த காலம் அதில் கழிந்துவிடும். அரசு வக்கீல் கேட்டது ஏழு. அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வீட்டில் மனநோயாளி ஒருவர் இருந்து, அவர் கேஸில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

கேஸ் சுருக்கமாக: தம்பிக்குப் பல வருடங்களாக ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையை நிறுத்தியிருந்த சமயம், பக்கத்து வீட்டு அண்ணன் தன்னை வேவு பார்க்கிறார் என்று கடப்பாரையால் அடித்துவிட்டான். அவருக்குக் கை எலும்பு முறிந்தது. கொலை முயற்சி என்று 307-இல் போட்டு, கடைசியில் ஆயுதத்தால் கொடுங்காயம் என்று 326-இல் குற்றவாளி என்றார்கள். சம்பவம், புதிய குற்றச் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலைக்கு முன்னால் நடந்தது, அதனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.)தான்.

மனநோயால் தெரியாமல் செய்தது குற்றமில்லை என்று ஐ.பி.சி.யில் 84-வது பிரிவு ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் "84 இருக்கே, பைத்தியம்னு காட்டினா விட்ருவாங்க" என்றார்கள். விடமாட்டார்கள். டாக்டர் சொல்லும் நோய் வேறு, 84 கேட்பது வேறு. அடித்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தப்பு என்றோ தெரியாத நிலையில் இருந்தான் என்று நாம்தான் காட்ட வேண்டும். 1964-இல் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஆள் எப்படி நடந்துகொண்டான் என்றுதான் பார்க்கிறார்கள். இவன் கடப்பாரையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ஓடினான். தப்பு என்று தெரியாதவன் ஏன் ஒளிக்கிறான்? முடிந்தது கதை.

வக்கீல் மட்டும் அசரவில்லை. "84 போனா போகட்டும்மா, தண்டனைக்கு அதே நோய் தனிக் கணக்கு" என்றார். குற்றவாளி என்று சொன்ன பிறகு, எவ்வளவு தண்டனை என்பதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2)-இல் தனியாகக் கேட்பார்கள் (புதிய சட்டத்தில் 258). 326-க்கு ஆயுள் வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இல்லை. ஆயுள் வரை போகும் பிரிவு என்பதாலேயே நன்னடத்தைச் சட்டத்தில் வெளியே விடச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. ஆக, வருடத்தைக் குறைப்பதுதான் பாக்கி. அதற்குத் தேதி போட்ட மருத்துவக் காகிதங்கள் வேண்டும்.

இங்கேதான் என் உயிர் போனது. அவன் வருடக்கணக்கில் பார்த்த தனியார் மருத்துவமனையில் ரெக்கார்டு பிரிவில் இருந்தவர், "பேஷன்ட் விவரம் பேஷன்ட்டுக்குத்தான் தருவோம், அவரை வரச் சொல்லுங்க மேடம்" என்றார். அவன் புழலில் இருக்கிறான் என்றேன். "அப்ப வெளிய வந்ததும் வரச் சொல்லுங்க." சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அடுத்த முறை போனபோது பழைய ஓ.பி. சீட்டு எல்லாம் கழித்துவிட்டோம் என்றார். அதற்கடுத்த முறை, இனிஷியல் பொருந்தவில்லை என்றார். கடைசியில் கையில் திணித்தது, "இவர் இங்கே சிகிச்சை பெற்றவர்" என்று ஒரே வரி. எப்போது, என்ன நோய், என்ன மாத்திரை, ஒன்றும் இல்லை. வக்கீல் அதை மேஜையில் தள்ளிவிட்டு, "இது ரேஷன் கடைக்குக்கூட உதவாது" என்றார்.

வழி இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 25-வது பிரிவில் நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவைப் பெற உரிமை உண்டு. தம்பியிடம் ஒப்புதல் கடிதம் கையெழுத்து வாங்கி, வக்காலத்துக்கு வாங்குவது போலவே சிறை அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினோம். அந்தக் கடிதத்தோடு 25-ஐ எழுத்தில் குறிப்பிட்டு மனு கொடுத்து, நகலில் மருத்துவமனை சீல் கேட்டேன். சீல் என்றதும் மேலாளர் எழுந்து வந்தார். கழித்துவிட்டதாகச் சொன்ன கேஸ் ஷீட் அன்று மாலையே கிடைத்தது! அப்படியும் தராவிட்டால், கோர்ட் மூலமாகவே சம்மன் அனுப்பி ஆவணத்தை வரவழைக்க மனு போடலாம்.

மெடிக்கல் ஷாப் பில்களை இப்போதே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வழவழ தாளில் அச்சானவை வெளிறிப்போகும். எங்களிடம் பாதி வெற்றுத் தாளாகத்தான் இருந்தது.

இன்னொன்று, எல்லாவற்றையும் தீர்ப்புக்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். அவகாசம் கேட்கலாம், கொடுப்பது நீதிபதி கையில். எங்களுக்குக் காலையில் குற்றவாளி என்றார்கள், மதியமே தண்டனை பற்றிக் கேட்டார்கள்.

நீதிபதி தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவன், "காலை மாத்திரை இன்னும் தரலைங்க ஐயா" என்றான். கோர்ட்டுக்கு அழைத்து வரும் நாளில் சீக்கிரமே வண்டி ஏற்றிவிடுவார்கள், மாத்திரை தவறிவிடும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தூக்குக் கொடுக்கும் முன் குற்றவாளியின் நிலையையும் பார்க்கச் சொன்ன பச்சன் சிங் தீர்ப்பையும் (உச்ச நீதிமன்றம், 1980) எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார்; தண்டனைக்குப் பிறகு வந்த மனநோயைக் கணக்கில் எடுத்து 2019-இல் உச்ச நீதிமன்றம் தூக்கைக் குறைத்ததையும் சேர்த்துச் சொன்னார். அரசு வக்கீல், அவை தூக்குத் தண்டனை வழக்குகள், இங்கே பொருந்தாது என்றார். பிறகு அதே நோயைத் திருப்பிப் போட்டார்: மாத்திரை நின்றால் மறுபடி அடிப்பான், அதனால்தான் அதிகமாகக் கொடுக்க வேண்டும். இந்த வாதம் கண்டிப்பாக வரும், தயாராக இருங்கள். எங்கள் வக்கீல் சிறை மருத்துவமனைப் பதிவை நீட்டினார், ஒரு நாளும் மருந்தை மறுக்கவில்லை, ஒரு புகாரும் இல்லை. "இப்பக்கூட அவரே மாத்திரை கேட்டாரே ஐயா" என்றார். வெளியே வந்தால் மருந்து கொடுத்து மாதாமாதம் காட்டுவது என் பொறுப்பு என்று நான் போட்ட பிரமாணப் பத்திரமும் இருந்தது. என் கணிப்பில், நோயின் பெயரைவிட இந்த இரண்டும்தான் எடை கூட்டின. நோய் இருக்கிறது என்று அரசுத் தரப்பே மறுக்கவில்லையே.

அப்புறம் தீர்ப்பு நகல். காப்பிக்கு மனுப் போட்டு ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார்கள். சிறைத்தண்டனை பெற்றவருக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும், அதே பழைய நடைமுறைச் சட்டத்தில் 363-வது பிரிவு. அதைச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள். தண்டனை போதாது என்று அரசு அதே சட்டம் 377-இல் ஐகோர்ட்டுக்குப் போகலாம், போனால் மறுபடி இதே காகிதங்கள்தான் வேண்டும், அதனால் எதைக் கோர்ட்டில் கொடுத்தாலும் ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.